திரும்பி வரும் படிவத்தைச் சர்வர் சரிபார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழி மோசடிகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருகிறது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக்கூடாது, முன்பின் தெரியாத இணைப்பைத் தொடக்கூடாது என்பதெல்லாம் இன்று எங்கள் கடலோரக் கிராமங்களில் வயதானவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இவை அனைத்தும் இணையதளத்தைப் பயன்படுத்துவோருக்கான எச்சரிக்கைகள். இணையதளத்தை எழுதுபவர்களுக்கும், பணம் கொடுத்து எழுதச் சொல்பவர்களுக்கும் சொல்ல வேண்டிய ஒரு செய்தி மட்டும் எங்கும் பேசப்படாமல் கிடக்கிறது. அதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை என எங்கள் கரையில் கருவாடு விற்பவர்களும், பனங்கருப்பட்டி விற்பவர்களும், யாத்திரிகர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர்களும் சொந்தமாக இணையதளம் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். இடைத்தரகர் இல்லாமல் சென்னைக்கும் கோவைக்கும் நேரடியாகச் சரக்கு அனுப்ப முடிகிறது. இத்தளங்களில் பலவற்றை எழுதித் தருபவர்கள் இதே மாவட்டத்துக் கல்லூரிகளில் படித்த இளைஞர்கள். அவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் அவர்கள் எழுதும் நிரல்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். திறமைக்குக் குறைவில்லை. ஆனால், படிவங்களுக்குள் வைக்கப்படும் ஹிட்டன் ஃபீல்டு எனப்படும் மறைபுலத்தை அவர்களில் பலர் பூட்டிய பெட்டியைப் போல நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு சிறு வியாபாரியின் முதலையே அழித்துவிடக்கூடியது.

மறைபுலம் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் ஹெச்.டி.டி.பி. என்ற நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்ட பிரவுசருக்கு அதை அனுப்பியவுடன், தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வரைப் பொறுத்தவரை அந்த வேலை முடிந்துவிட்டது. அடுத்த நொடியில் அதே பிரவுசர் வந்து நின்றாலும் அதற்கு அது புதிய முகம்தான். எனவே, எந்தப் பொருளுக்கான படிவம், எத்தனையாவது படி, எந்த விண்ணப்பம் என்ற குறிப்புகளைச் சர்வர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே எழுதி அனுப்பி, படிவம் திரும்பி வரும்போது அதிலிருந்தே படித்துக்கொள்ளும் ஏற்பாடு தேவைப்பட்டது. 1995ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான ஹெச்.டி.எம்.எல். 2.0 வரையறையிலேயே இதற்கான புலம் இடம்பெற்றுவிட்டது. திரையில் அது தெரியாது. 'அனுப்பு' பொத்தானை அழுத்தும்போது மற்ற விவரங்களோடு சேர்ந்து போய்விடும்.

இதே நினைவாற்றல் சிக்கலுக்கு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி 1994இல் உருவாக்கிய குக்கி என்ற வழியும் உண்டு. சர்வர் தரும் ஒரு சிறு குறிப்பைப் பிரவுசர் சேமித்து வைத்து, அதே தளத்துக்குப் போகும்போதெல்லாம் திருப்பி அனுப்புவதுதான் அது. குக்கி இருக்கும்போது மறைபுலம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஒரு தளத்தின் குக்கி, பிரவுசரில் திறந்திருக்கும் அத்தளத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவானது. மறைபுலமோ தான் இருக்கும் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது. ஜூன் மாதத்தில் ஏதேனும் ஓர் இ-சேவை மையத்துக்குள் சென்று பாருங்கள். கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று ஒரு கூட்டம் நிற்கும். பணியாளர் ஒரே கணக்கில் நுழைந்து, ஒருவருடைய ஆவணம் பதிவேறிக்கொண்டிருக்கும்போதே பிரவுசரின் பக்கத்து டேபில் இன்னொருவருடைய விண்ணப்பத்தைத் திறந்துவிடுவார். 'இப்போது நடப்பிலுள்ள விண்ணப்ப எண்' என்பதை, குக்கியைக் கொண்டு ஆளை அடையாளம் கண்டு சர்வர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் குறிப்பான செஷனில் மட்டும் வைத்து ஒரு தளம் எழுதப்பட்டிருந்தால், இரண்டாவது டேபைத் திறந்த கணத்தில் முதல் எண் அழிந்து, முதல் பிள்ளையின் ஆவணம் இரண்டாவது பிள்ளையின் விண்ணப்பத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். விண்ணப்ப எண் அந்தந்தப் பக்கத்தின் மறைபுலத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. ஆகவே மறைபுலத்தையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது செய்யக்கூடிய வேலை எது, செய்யக்கூடாத வேலை எது என்பதுதான் என் கவலை.

செய்யக்கூடாத வேலைகளில் முதலாவது, விலையைச் சுமப்பது. நான் கண்ணால் கண்டதையே எழுதுகிறேன். ஒரு கருவாட்டு விற்பனைத் தளத்தில் ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டின் பக்கத்தைக் கணினியில் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால், அந்தப் பக்கத்தின் மூலநிரல் வலப்புறத்தில் விரிகிறது. படிவத்துக்குள் ஒரு வரியில் பொருளின் குறியீடு. அடுத்த வரியில், மறைபுலமாக, விலை 600. அந்த 600ஐ இருமுறை சொடுக்கி 6 என்று மாற்றி, எப்போதும்போல 'வாங்கு' பொத்தானை அழுத்தினால் போதும். சர்வர் அந்த ஆறு ரூபாயை அப்படியே எடுத்துக் கட்டண நிறுவனத்துக்கு அனுப்புகிறது. கட்டண நிறுவனமும் தன் கடமையைச் சரியாகச் செய்து ஆறு ரூபாயை வசூலித்து, 'பணம் செலுத்தப்பட்டது' என்று பதில் தருகிறது. வியாபாரியின் கைபேசியில் அந்த வாசகம் மட்டும் வருகிறது. அவர் சரக்கைக் கட்டி அனுப்பிவிடுகிறார். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் வரை எதுவும் தெரியாது. அப்போதும் அவர் சந்தேகப்படப் போவது பார்சல் கட்டும் பையனையோ வங்கியையோதான். எழுதியவரிடம் உடனே சொல்லித் திருத்தச் செய்தாயிற்று; ஆனால், அதே அச்சில் எழுதப்பட்ட தளங்கள் இன்னும் எத்தனை இருக்கும் என்பதே என் அச்சம்.

இதைச் செய்ய எந்த மென்பொருளும் வேண்டியதில்லை, எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. படிவம் சர்வருக்குப் போகும்போது பெயரும் மதிப்புமாக, பெயரும் மதிப்புமாக ஒரு வரிசையாகப் போகிறது. அதில் எந்த மதிப்பு வாடிக்கையாளர் தட்டச்சு செய்தது, எந்த மதிப்பு மறைபுலத்தில் இருந்து வந்தது என்ற அடையாளமே இருப்பதில்லை. பிரவுசரே இல்லாமல், அதே வரிசையை ஒருவர் கையால் எழுதிக்கூட அனுப்ப முடியும். வந்த எதையும் முன்பின் தெரியாதவர் எழுதிக் கொடுத்த தாளாகவே சர்வர் கருத வேண்டும்.

திருத்தம் எளிது. படிவத்தில் பொருளின் குறியீடும் எண்ணிக்கையும் மட்டும் வரட்டும். விலையைச் சர்வர் தன் தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தானே பெருக்கிக்கொள்ளட்டும். எண்ணிக்கையையும் சோதிக்க வேண்டும். நெத்திலி இரண்டு கிலோ, சீலாக் கருவாடு கழித்தல் ஒரு கிலோ என்று எழுதி அனுப்பினால் மொத்தத் தொகையைக் குறைத்துக் காட்டும் நிரல்களையும் நான் பார்த்திருக்கிறேன். பணம் செலுத்தியபின் கட்டண நிறுவனத்திடமிருந்து வரும் பதிலில், அது உண்மையாகவே அவர்களிடமிருந்து வந்ததா என்பதோடு, வசூலான தொகை நாம் கணக்கிட்ட தொகைதானா என்பதையும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் விலையை மறைபுலத்தில் வைப்பதற்கு நியாயம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் மீனின் விலையும் அதைத் தொட்டுக் கருவாட்டின் விலையும் நாளுக்கு நாள் மாறும். வாடிக்கையாளர் காலையில் பார்த்த விலை ஒன்று, மாலையில் வாங்கும்போது இருக்கும் விலை வேறொன்று. அவர் பார்த்த விலையை மறைபுலத்தில் வாங்கி, தரவுத்தள விலையோடு ஒப்பிட்டு, வேறுபட்டிருந்தால் 'விலை மாறியிருக்கிறது, சம்மதமா?' என்று கேட்பது நேர்மையான வியாபாரம். ஒப்பிடுவதற்காக வாங்கலாம், கணக்கிடுவதற்காக வாங்கக்கூடாது.

விலையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது எண்கள். அறை முன்பதிவுத் தளத்தில் உங்கள் முன்பதிவைத் திருத்தும் பக்கத்தின் மறைபுலத்தில் 1041 என்று இருக்கிறது. அதை 1042 ஆக்கி அனுப்பினால் வேறொரு குடும்பத்தின் பெயர், கைபேசி எண், அவர்கள் கொடுத்த ஆதார் நகல் எல்லாம் திரையில் வந்து நிற்கிறதென்றால், அந்தத் தளம் 1042 உண்மையான எண்தானா என்று பார்த்ததே தவிர, கேட்பவருக்கு அதைப் பார்க்க உரிமை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட முதன்மையான பத்து அபாயங்களின் பட்டியலில், இவ்வாறு அணுகல் உரிமையைச் சரிபார்க்கத் தவறுவதே முதலிடத்தில் இருந்தது. எண்ணை எளிதில் ஊகிக்க முடியாத நீண்ட சரமாக மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அது நல்லதே; ஆயினும் உரிமையைச் சரிபார்க்கும் அந்த ஒரு வரிக்கு அது ஈடாகாது. மேலே சொன்ன விண்ணப்ப எண்ணுக்கும் இது முழுக்கப் பொருந்தும்.

'விவரத்தைப் பக்கத்தில் அனுப்பித்தான் ஆகவேண்டும், ஆனால் யாரும் மாற்றிவிடக் கூடாது' என்ற நிலையில், தளம் எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகளான பெரிய ஃபிரேம்வொர்க்குகள் கையொப்ப முறையைக் கையாளுகின்றன. சர்வர் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு அந்த விவரத்திலிருந்து ஒரு முத்திரைச் சரத்தைக் கணக்கிட்டு உடன் அனுப்பும். திரும்பி வரும்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பொருந்தாது. 2002இல் வந்த ஏ.எஸ்.பி.நெட் வெப் ஃபார்ம்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் ஃபிரேம்வொர்க்கில் வியூஸ்டேட் என்ற மறைபுலம் இப்படித்தான் வேலை செய்கிறது. அந்தப் பக்கங்களின் மூலநிரலில் எண்ணும் எழுத்துமாக நீளும் பெரிய கொத்து அதுதான். அதைக் கண்டு, விவரம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இயல்பான அமைப்பில் அது பேஸ்64 என்ற வடிவில் எழுதப்பட்டது மட்டுமே. யார் வேண்டுமானாலும் விரித்துப் படிக்கலாம். முத்திரை மாற்றத்தைத் தடுக்கும், வாசிப்பைத் தடுக்காது. நேற்று முத்திரையிட்டுத் தந்த பழைய விலையை இன்று கொண்டுவந்து நீட்டுவதையும், காலக் குறிப்பு சேர்க்கப்படாவிட்டால், அது தடுக்காது.

முத்திரையின் உயிர் அந்தச் சாவியில் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வரில், நிறுவப்பட்ட இடங்களில் எல்லாம் ஒரே சாவி வைக்கப்பட்டிருந்தது தெரியவந்து, 2020 பிப்ரவரியில் அதற்குத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. உள்ளே நுழைய ஒரு சாதாரணக் கணக்கு இருந்தால் போதும், அந்தச் சாவியால் போலி வியூஸ்டேட் ஒன்றைத் தயாரித்து அனுப்பி, சர்வரில் தன் கட்டளைகளையே ஒருவரால் இயக்க முடிந்தது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரலைச் சாவியோடு சேர்த்துப் படியெடுக்கும் பழக்கம் உள்ள இளைஞர்கள் இதை மறக்கக்கூடாது. இன்னொன்றும் உண்டு: வியூஸ்டேட் பெருத்துவிட்டால் ஒவ்வொரு பொத்தானை அழுத்தும்போதும் அந்தச் சுமை முழுவதும் போய்த் திரும்ப வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் இடத்தில் நிற்பவருக்கு அது பெரிய வித்தியாசம். ஜே.எஸ்.எஃப். போன்ற சில ஃபிரேம்வொர்க்குகள் இந்த நிலைவிவரத்தைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு, அதைக் குறிக்கும் சிறு அடையாளத்தை மட்டும் பக்கத்தில் அனுப்பும் வசதியைத் தருகின்றன.

மறைபுலம் பெருமையோடு செய்யும் வேலை ஒன்று உண்டு. லாராவெல் என்ற ஃபிரேம்வொர்க்கில் டோக்கன் என்றும், ஜாங்கோவில் சி.எஸ்.ஆர்.எஃப். மிடில்வேர் டோக்கன் என்றும், ரெயில்ஸில் ஆதென்டிசிட்டி டோக்கன் என்றும் பெயர் பெற்று ஒவ்வொரு படிவத்திலும் உட்கார்ந்திருக்கும் அந்த நீண்ட சரத்தைச் சொல்கிறேன். அறை உரிமையாளர் தன் தளத்தின் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்திருக்கிறார். அதே பிரவுசரில் வேறொரு தீய பக்கத்தையும் தெரியாமல் திறந்துவிடுகிறார். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாமலேயே அவருடைய தளத்துக்கு 'எல்லா முன்பதிவையும் ரத்து செய்' என்ற படிவத்தை அனுப்பினால், பிரவுசர் அவருடைய குக்கியையும் சேர்த்து அனுப்பிவிட வாய்ப்புண்டு; சர்வரும் உரிமையாளரே கேட்டதாக நினைத்துவிடும். டோக்கன் இருந்தால் அது நடக்காது. வேறொரு தளத்தின் பக்கத்தால் நம் படிவத்துக்குள் உள்ள டோக்கனைப் படிக்க முடியாது என்பதால், அதை எழுதி அனுப்பவும் முடியாது. எங்கள் ஊர் விசைப்படகுகள் மீன்வளத் துறையின் டோக்கன் பெற்றுத்தான் கடலுக்குச் செல்கின்றன. அந்தத் தாளுக்கு மதிப்பு வருவது அலுவலகம் இந்தப் படகுக்கு என்று பதிந்து கொடுத்ததால்தான், வேறு படகு அதைக் காட்டிப் பயனில்லை. இங்கும் சர்வர், ஃபிரேம்வொர்க்குக்கு ஏற்பச் செஷனிலோ குக்கியிலோ உள்ள மதிப்போடு ஒப்பிட்டுத்தான் படிவத்தை ஏற்கிறது. 2020 முதல் குரோம் பிரவுசர் பிற தளங்களிலிருந்து வரும் இத்தகைய கோரிக்கைகளுக்குக் குக்கியை அனுப்புவதில் கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தாலும், அதை நம்பி டோக்கனைக் கைவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

இங்கேதான் என் மனம் மிகவும் வருந்தும் ஒரு பழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். லாராவெல்லில் செஷனின் ஆயுள், மாற்றாவிட்டால், 120 நிமிடம். நீண்ட படிவத்தை ஒருவர் பாதி நிரப்பிவிட்டு, ஏதோ ஓர் ஆவணத்தைத் தேட வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து அனுப்பினால், 419 என்ற எண்ணோடு 'பக்கம் காலாவதியாகிவிட்டது' என்று ஆங்கிலத்தில் வரும். நிரப்பிய அனைத்தும் போய்விடும். வாடிக்கையாளர்கள் குறை சொல்கிறார்கள். உடனே அந்த இளைஞர் என்ன செய்கிறார் என்றால், டோக்கன் சோதனையையே அந்தப் படிவத்துக்கு நிறுத்திவிடுகிறார். குறையும் நின்றுவிடுகிறது, காவலும் போய்விடுகிறது. செய்ய வேண்டியது வேறு: பக்கம் திறந்திருக்கும்வரை செஷனை உயிரோடு வைக்கலாம், காலாவதியானாலும் நிரப்பிய விவரங்களைத் திரும்ப வைத்து, 'நேரம் கடந்துவிட்டது, மீண்டும் ஒருமுறை அனுப்புங்கள்' என்று தமிழில் சொல்லலாம். அரைநாள் வேலைதான்.

சிறிய பயன்கள் சிலவும் உண்டு. ஹெச்.டி.எம்.எல். படிவத்துக்கு கெட் (பெறுதல்), போஸ்ட் (அனுப்புதல்) என்ற இரு முறைகளே தெரியும் என்பதால், நீக்குவதற்கும் திருத்துவதற்கும் உரிய முறையின் பெயரை ரெயில்ஸும் லாராவெல்லும் ஒரு மறைபுலத்தில் எழுதி அனுப்புகின்றன. டிக் செய்யப்படாத பெட்டி எதையுமே சர்வருக்கு அனுப்புவதில்லை என்பதால், ரெயில்ஸ் அதற்கு முன்னால் பூஜ்ஜியம் என்ற மதிப்போடு ஒரு மறைபுலத்தை வைக்கிறது. 'குறுஞ்செய்தி வேண்டாம்' என்று டிக்கை எடுத்தபிறகும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், இந்தப் பூஜ்ஜியம் விடுபட்டிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறைபுலத்தை நீக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். 2012 மார்ச் மாதம், நிரலர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில், யெகோர் ஹோமகோவ் என்ற இளைஞர், படிவத்தில் இல்லாத ஒரு புலத்தைத் தானே சேர்த்து அனுப்பி, ரெயில்ஸ் திட்டத்தின் நிரல்கள் வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்திலேயே எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார். வந்த புலங்களையெல்லாம் கேள்வி கேட்காமல் தரவுத்தளத்தில் எழுதிவிடும் வசதிதான் அதற்கு வழிவிட்டது. 2013இல் வந்த ரெயில்ஸ் 4, எந்தெந்தப் புலத்தை ஏற்பது என்று நிரலர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. லாராவெல்லில் ஃபில்லபிள் என்ற பட்டியலும் இதற்காகவே இருக்கிறது. அதில் எல்லாப் புலங்களையும் அள்ளிப் போட்டுவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

தளம் எழுதச் சொல்லியிருக்கும் வியாபாரிகளுக்கு என் வேண்டுகோள் இது. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், எழுதியவரை அருகில் உட்கார வைத்து, பொருளின் பக்கத்தைக் கணினியில் திறக்கச் சொல்லுங்கள். மறைபுலங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். விலை இருந்தால் அதை மாற்றி வாங்கிக் காட்டச் சொல்லுங்கள். முன்பதிவு எண் இருந்தால் அடுத்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணினி தெரியாதவரும் இதன் முடிவைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். ஆனால், இச்சோதனையைச் சொந்தத் தளத்தில் மட்டும், அல்லது உரிமையாளரின் அனுமதியோடு மட்டும் செய்ய வேண்டும். பிறர் தளத்தில் செய்வது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி வழக்குக்கு இடம் தரும்.

எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகளின் கணினித் துறைகள், இணையப் பயன்பாட்டு ஆய்வக வகுப்பில் படிவம் எழுதக் கற்பிக்கும் அதே வாரத்தில், அந்தப் படிவத்தை மாற்றி அனுப்பிப் பார்க்கும் பயிற்சியையும் சேர்க்க வேண்டும். மாணவர் ஒருவர் தான் எழுதிய தளத்தில் தானே ஆறு ரூபாய்க்குக் கருவாடு வாங்கிப் பார்த்துவிட்டால், பிறகு விலையை ஒருநாளும் பக்கத்தில் வைக்கமாட்டார். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் இதைப் படங்களோடு விளக்கி ஒரு தொடர் வெளியிட இயலுமானால், அதற்கான செயல்விளக்கங்களைத் தயாரித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இணைய நிரலாக்கப் பயிற்றுநர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.